எலுமிச்சம்பழம் மிதித்த கிட்டார்

ஓசூர் பக்கம் பேரிகை என்ற ஊரின் திருவிழாவில் நான் வாசித்த முதல் ப்ளூஸுக்குக் கிடைத்த மரியாதை, மைக்செட்டுக்காரர் மேடைக்கு ஓடி வந்து என் ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடுங்கியதுதான்.

அப்போது எண்பதுகளின் தொடக்கம். கிருஷ்ணகிரியில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தேன். சினிமாப் பாட்டுதான் எங்கள் சரக்கு. பாட்டின் நடுவில் கிட்டாருக்கென்று ஓர் இடம் வரும். ரெக்கார்டில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே வாசித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். எனக்கு அதுதான் ஆகாது. பெங்களூரில் பழைய கேசட் விற்கிற கடையொன்றில் பொறுக்கிய, அமெரிக்கக் கறுப்பர்களின் ப்ளூஸ் இசை கேசட்டுகளை டேப் தேயத் தேயக் கேட்டு, விரல் கொப்புளிக்கப் பழகி வைத்திருந்தேன். பழகியதை யாரிடமாவது காட்டாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

பேரிகையில் ஒரு காதல் பாட்டு. அதன் நடுவே கம்பியை விரலால் மேலே தள்ளி ஸ்வரத்தை முனக வைத்தேன். அது முனகி முடிப்பதற்குள் இன்னொன்றை இழுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு நான்பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்றுபோனது. கண்ணைத் திறந்தால், பிளக்கைக் கையில் பிடித்தபடி மைக்செட்டுக்காரர்.

“பயப்படாதீங்க தம்பி, ஒயர்ல ஷார்ட்டு. கீயோ மாயோன்னு கத்துது. இதோ சரி பண்ணிட்றேன்” என்றார்.

பாவம், நல்ல மனுஷர். திட்டக்கூட முடியவில்லை. முன்வரிசையிலிருந்து ஒருவர் வேறு எழுந்து, “மிஷினு ரொம்பப் பழசுங்களா?” என்று துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்தார். குழுவை நடத்தியவருக்கு மட்டும் நடந்தது என்னவென்று புரிந்துவிட்டது. அடுத்த கச்சேரிக்கு வேன் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. கேட்டால் டிரைவருக்கு வழி தெரியவில்லையாம். நாலு வருஷமாக வந்த வழி!

கிட்டாரை நம்பினால் பட்டினிதான் என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலாகச் சொல்லிவிட்டார்கள். என் வீட்டில் எல்லோரும் ஒரே குரலாகச் சொன்ன ஒரே விஷயம் அதுதான். ஐ.டி.ஐ. முடித்திருந்ததால் ஓசூரில் கியர் உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் டர்னராகச் சேர்ந்தேன். லேத் மெஷினுக்கு முன்னால் நின்று இரும்பைச் சீவுகிற வேலை. பர்மனெண்ட் ஆனேன். பர்மனெண்ட் என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டுத்தான் பாரூர் ஏரிப் பாசனத்தில் கரும்பு போட்டுக்கொண்டிருந்த என் மாமனார் பெண்ணைக் கொடுத்தார். பெண் பார்க்கப் போனபோது கிட்டாரைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. கல்யாணமாகி மத்திகிரியில் வாடகை வீடு பிடித்துச் சாமான்களைப் பிரித்தபோதுதான் பெட்டி வெளியே வந்தது.

“இது என்னாங்க?” என்றாள் மனைவி.

“கிட்டாரு.”

“வாசிப்பீங்களா?”

“சும்மா, பொழுதுபோக்குக்கு.”

பொழுதுபோக்காவது மண்ணாவது! ஞாயிற்றுக்கிழமையானால் நான் பெங்களூரில் இருந்தேன். அங்கே ஒரு ஜாஸ் ஃப்யூஷன் குழு இருந்தது. ஜாஸையும் ராக்கையும் நம்மூர்த் தாளத்தையும் ஒரே குண்டானில் போட்டுக் கிளறுகிற இசை அது. தலைவர் ஒரு டிரம்ஸ்காரர், தாடி வைத்தவர், குன்னூரில் பிறந்து கண்டோன்மெண்டில் வளர்ந்தவர். கொச்சைத் தமிழில் மனசு நோகும்படி உண்மை பேசுவார். குழுவில் என்னைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். இரண்டு முறையும் வேண்டாம் என்றார். இரண்டாவது முறை காரணமும் சொன்னார்.

“நல்லாத்தான் வாசிக்கிற. ஆனா சைரன் ஊதறதுக்குள்ள பீஸ முடிச்சாவணும்ங்கற மாதிரி வாசிக்கிற. இங்க யாரும் உன்கிட்ட புரொடக்‌ஷன் கணக்கு கேக்கல.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பஸ்ஸில் திரும்பும்போது அத்திப்பள்ளி வரைக்கும் அவரை மனசுக்குள் திட்டினேன். அத்திப்பள்ளி தாண்டியதும் அவர் சொன்னது சரிதான் என்று தோன்றியது. அது இன்னும் ஆத்திரமாக இருந்தது.

எண்பதுகளின் கடைசியில் அந்தக் குழுவின் கிட்டார்காரர் வெளிநாடு கிளம்பினார். டிரம்ஸ்காரர் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். ஆயுத பூஜையன்று மத்தியானம் வா, கடைசியாக ஒரு தடவை கேட்கிறேன், பிடித்திருந்தால் திங்கட்கிழமையிலிருந்து தினமும் ஒத்திகை, பிறகு பம்பாய், கல்கத்தா என்று ஊர் ஊராகப் போக வேண்டும், வேலையை விட்டுவிட்டு வருவதானால் வா, அன்று வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பெங்களூர் போகிறேன் என்பதை மட்டும் மனைவியிடம் சொன்னேன். வேலையை விடுகிற விஷயத்தைச் சொல்லவில்லை. முதலில் கிடைக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை என்றால் கல்யாணம் கெட்டது. எல்லா மெஷினுக்கும் எண்ணெய் துடைத்து, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டி, சீரியல் லைட் மாட்டி, குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருவார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் ஷெட்டுக்குள் மனுஷர் பேசுவது காதில் விழும். காலை பூஜையில் தலையைக் காட்டிவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடலாம் என்று கிட்டாரையும் கையோடு கொண்டு போயிருந்தேன். என் லேத்துக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்துவிட்டு, மனைவியை அழைத்துவரக் கம்பெனி வாசலுக்குப் போனேன். வழியில் பார்த்தவர்களிடம் எல்லாம் அவளை அறிமுகப்படுத்தி, சுண்டல் வாங்கிக் கொடுத்து, திரும்பி வருவதற்குள் ஐயர் தீபாராதனை காட்டி முடித்திருந்தார்.

கும்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன். சரஸ்வதி படத்துக்கு நேர் கீழே, வெர்னியர் அளவுகோலுக்கும் ஸ்பேனருக்கும் நடுவில், என் கிட்டார்.

உடம்பெல்லாம் சந்தனப் பொட்டு. கழுத்தில் சாமந்தி மாலை. தலைப் பக்கம், கம்பி முறுக்குகிற ஒவ்வொரு சாவிக்கும் தனித்தனியாகக் குங்குமம். மண்ணெண்ணெய் வாசனை குப்பென்று அடித்தது.

“எவன் வேலைடா இது!” என்று கத்தினேன்.

கிரைண்டிங் மெஷினில் வேலை பார்க்கிற என் சினேகிதன், திருநெல்வேலிக்காரன், முகமெல்லாம் பல்லாக முன்னால் வந்தான். பாராட்டப் போகிறேன் என்று நினைத்துவிட்டான்.

“நாந்தான்டே. சரஸ்வதி கையில வீணை இருக்குல்லா. காலடியில வெறும் ஸ்பேனரும் சுத்தியலுமா கெடந்தா அவளுக்கு எப்படி இருக்கும்? அதான் உன் பெட்டியத் தொறந்தேன். கம்பியெல்லாம் அழுக்கு. மண்ணெண்ணெய் போட்டுத் தொடச்சு, மெஷின் ஆயில் ரெண்டு சொட்டு விட்டிருக்கேன். இப்ப வாசிச்சுப் பாரு, வழுக்கிக்கிட்டுப் போவும்.”

கிட்டார் கம்பிக்கு மெஷின் ஆயில்! அவனை அடிக்கவே போயிருப்பேன். ஆனால் அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் கை எழவில்லை. தன் கிரைண்டிங் மெஷினுக்குக்கூட அவன் அவ்வளவு பக்குவமாகப் பொட்டு வைத்திருக்கவில்லை. சரி, போகட்டும், துடைத்துக்கொள்ளலாம் என்று கிட்டாரை எடுக்கக் கையை நீட்டினேன்.

“ஏய்! தொடாதே!”

போர்மேன். மத்திகிரியிலேயே பிறந்து வளர்ந்த கன்னடக்காரர். நல்ல மனுஷர்தான், என்மேல் உயிர். தீபாவளி கழிந்ததும் என்னைப் பத்துப் பேருக்கு மேலே சார்ஜ்ஹேண்டாக்கச் சொல்லி மேலே பேசி வைத்திருந்தவரும் அவர்தான். பூஜை விஷயத்தில் மட்டும் இரும்பு.

“பூஜைக்கு வெச்சத நாளைக்குக் காலைலதான் எடுக்கணும். தீபம் காட்டியாச்சி. இனி ஆகல்ல” என்றார்.

“சார், பஸ்ஸுக்கு நேரமாவுது. மத்தியானம் பெங்களூர்ல நான் வாசிச்சாவணும்.”

“வேற கிட்டார் வாங்கி வாசி.”

எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் அந்த ஷெட்டில் வேலை பார்த்ததில்லை, அதனால் கேட்பீர்கள். பூஜையில் வைத்த பொருளை நடுவில் உருவிக்கொண்டு போனால், அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் அங்கே எவனுக்கு விரல் நசுங்கினாலும் அது என் தலையில்தான் விடியும். அதுபோக, எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். லேத்தில் நிற்கிறவனுக்கும் கிட்டார் வாசிக்கிறவனுக்கும் விரல்தானே எல்லாம்?

இதற்குள் சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. திருநெல்வேலிக்காரன் தான் செய்த காரியம் எங்கே போய் முடிந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு வக்கீலாக மாறினான்.

“சார், ஒரு நியாயம் சொல்லுதேன். கம்பெனி வேனுக்கும் இப்பத்தான பூஜை போட்டீய? பூஜை முடிஞ்ச கையோட எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி வெளிய எடுத்துட்டுப் போனாரே டிரைவரு? அத மட்டும் நாளைக்கு வரைக்கும் நிறுத்தி வைக்கலியே?”

“வேன் வேற. அது வண்டி.”

“அப்ப கிட்டாரு?”

போர்மேன் கொஞ்சம் தடுமாறினார். அவ்வளவுதான், ஷெட்டே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. சரஸ்வதி சம்பந்தப்பட்டது எல்லாம் புஸ்தகம் மாதிரி, விஜயதசமி விடியாமல் தொடக் கூடாது என்று ஒரு கட்சி. சத்தம் போடுகிறது, கரண்ட் குடிக்கிறது, ரிப்பேர் ஆகிறது, அதனால் இது மெஷின்தான், மெஷினை பூஜை முடிந்ததும் ஒரு சுற்று ஓட்டுவதுதானே வழக்கம் என்று இன்னொரு கட்சி. தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று பாஷையிலும் வாதம் நடந்தது. மூன்றிலும் ஒருவராவது இந்தக் கிட்டார் எனக்கு எதற்கு என்று கேட்கவில்லை. சுண்டல் பொட்டலத்தோடு பெண்கள் எல்லாம் நெருங்கி வந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் நடுவில் என் மனைவியும் நின்றாள். நானோ கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் கிட்டாரைப் பார்ப்பதுமாகத் தவித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் போர்மேன் கையை உயர்த்தினார். எல்லோரும் அடங்கினார்கள்.

“கேளுங்க. வேன் ஏன் உடனே ஓடலாம்? டிரைவருக்கு அதான் தொழில். அது ஓடினாத்தான் அவன் வீட்ல அடுப்பெரியும். தொழில் செய்யற ஆயுதத்த ஓட்டித் தொடங்கலாம், அது தப்பில்ல. ஆனா ஆசைக்கு வாசிக்கறதுன்னா அது கலை. கலைன்னா அது சரஸ்வதி தாயோடது, நாளைக்குத்தான் தருவா.” என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லப்பா. உன் ஆயுதம் எது? லேத்தா, இதா? இது உனக்குத் தொழிலா?”

இல்லை என்று சொன்னால் கிட்டார் நாளைக் காலை வரை அங்கேயே இருக்கும், பெங்களூர் போச்சு, எல்லாம் போச்சு. ஆமாம் என்றால், என்னை சார்ஜ்ஹேண்டாக்கப் பார்க்கிற மனுஷர் முகத்துக்கு நேராக, உங்கள் லேத் எனக்குத் தொழிலில்லை என்று சொல்கிறேன். பர்மனெண்ட் மாப்பிள்ளை என்று என்னைக் கட்டிக்கொண்டவள் காது கேட்கச் சொல்கிறேன்.

“சொல்லுல!” என்று திருநெல்வேலிக்காரன் என் விலாவில் இடித்தான்.

“ஆமா சார்! இதுதான் என் பொழப்பு! லேத்து சோத்துக்கு நிக்கறது. இதுதான் என் தொழிலு! போதுமா?”

யார் வீட்டுக் குழந்தையோ பொரி மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. மனைவி நின்ற பக்கம் நான் திரும்பவே இல்லை. திரும்பத் தைரியமில்லை.

போர்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபமா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

“சரி. தொழில்னா தொழில். எலுமிச்சம்பழம் கொண்டாங்க” என்றார்.

பழம் வந்தது. புதுச் சிக்கலும் வந்தது. கிட்டாருக்குச் சக்கரம் ஏது? பெட்டிக்கு அடியில் வைத்து நசுக்கலாம் என்றான் ஒருவன். பெட்டியில் மாற்றுக்கென்று வைத்த என் அமெரிக்கக் கம்பி இருக்கிறது, கிட்ட வராதே என்றேன். கடைசியில், ஓட்டுகிறவன் காலே சக்கரம் என்று தீர்ப்பாயிற்று. மாலை போட்ட கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, மொத்த கம்பெனியும் பார்த்திருக்க, எலுமிச்சம்பழத்தை ஓங்கி மிதித்தேன். சனியன் வழுக்கிவிட்டது. நான் மல்லாக்க விழாமல் திருநெல்வேலிக்காரன் பிடித்துக்கொண்டான். இரண்டாவது மிதியில் பழம் பிதுங்கி, சாறு போய் போர்மேனின் பட்டு வேட்டியில் அடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். “ஆய்து, போ!” என்றார் அவர், வேட்டியை உதறிக்கொண்டே.

ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன். அந்த பஸ்ஸுக்கும் மாலை, சந்தனம், முன்னால் இரண்டு வாழைக்கன்று. நானும் கிட்டாரும் அதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தோம். கண்டக்டர் கிட்டாரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெங்களூர் வரும்வரை கைக்குட்டையால் கம்பியைத் துடைத்துக்கொண்டே வந்தேன். என்னிடம் இருந்த மாற்றுக் கம்பி ஒன்றே ஒன்று, அதை மாட்டினேன். மற்ற ஐந்தும் எண்ணெயில் ஊறி, தட்டினால் டொக் டொக் என்றன.

டிரம்ஸ்காரர் வீட்டுக் கூடத்தில்தான் ஒத்திகை. நான் நுழைந்ததுமே அவர் மூக்கை உறிஞ்சினார்.

“என்ன, ஸ்டவ்வு லீக்காகுதா?”

“கிட்டாருங்க. பூஜை போட்டாங்க.”

அவர் குச்சியைக் கையில் எடுத்து, மெதுவான ஒரு ப்ளூஸ் தாளத்தைத் தொடங்கினார். நான் வழக்கம்போல் நாலு கால் பாய்ச்சலில் புறப்பட்டேன். முதல் வரியிலேயே விரல் எண்ணெயில் வழுக்கி எங்கேயோ போய் நின்றது. மறுபடியும் போனேன். மறுபடியும் வழுக்கியது. வேகமாகப் போனால் மானம் போய்விடும் என்று புரிந்தது. வேறு வழியில்லாமல் ஒரே ஒரு ஸ்வரத்தை எடுத்து, கம்பி நழுவாமல் இறுகப் பிடித்து, மெல்ல மேலே தள்ளினேன். தள்ளிவிட்டு, அடுத்ததைப் பிடிக்கிற வரைக்கும் சும்மா இருந்தேன். அந்த இடைவெளியில் டிரம்ஸ் தெளிவாகக் கேட்டது. அத்தனை நாளும் அந்த மனுஷர் வாசித்ததை நான் காது கொடுத்துக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அன்று வாசித்தது பிரமாதம் என்று நான் சொல்ல மாட்டேன். பாதி ஸ்வரம் செத்துத்தான் விழுந்தது. ஆனால் வாசிக்கும்போது சந்தோஷமாக இருந்தது. அப்படியொரு சந்தோஷம் அதற்கு முன் எனக்குக் கிடைத்ததில்லை.

அவர் குச்சிகளைக் கீழே வைத்தார்.

“இன்னிக்கு அவசரமில்ல உனக்கு. நல்லாயிருந்தது. திங்கக்கிழமை வந்துடு. வேலைய விட்டுடுவ இல்ல?”

காலையில் ஷெட்டு அதிர முழங்கியவன் என்ன சொன்னேன் தெரியுமா? “வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு...” என்று இழுத்தேன். நாளைக் காலைக்குள் போன் பண்ணு என்று சொல்லி நம்பர் கொடுத்தார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மத்திகிரி வந்து சேர்ந்தேன். மனைவி கம்பெனியில் கொடுத்த பொரியையும் சுண்டலையும் தட்டில் எடுத்து வைத்தாள். எதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நானாகவே தொடங்கினேன். வாசித்ததையும், டிரம்ஸ்காரர் கூப்பிட்டதையும், வேலையை விட வேண்டும் என்று அவர் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லிவிட்டு, அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்துபோய், “நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத. காலையில அங்க சொன்னது சும்மா. கிட்டார வெளிய எடுக்கறதுக்காகச் சொன்ன பொய்யி. வேலைய எதுக்கு விடணும்? லேத்துதான நம்ம தொழிலு” என்றேன்.

பொரித் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

“எத்தன வருசமா உங்களப் பாக்கறேன். பொய் சொன்னீங்கன்னா உங்க குரலு உள்ள போயிரும். இப்ப போயிருக்குது பாருங்க, அந்த மாதிரி. காலையில நீங்க சொன்னது வெளிய வேன் டிரைவருக்கே கேட்டுச்சாம்.”

கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க ஒரு பிடி பொரியை வாயில் போட்டுக்கொண்டேன்.

“உங்கப்பாவுக்கு என்னான்னு சொல்றது?” என்றேன் கடைசியில்.

“மாப்பிள்ள மிஷினு ஓட்டறாருன்னு அவருதான் நெனச்சிக்கிட்டு இருக்காரு. அவருகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க மொதல்ல அந்த டிரம்ஸ்காரருக்குப் போன் பண்ணுங்க.”

மறுநாள் காலை, பஸ் ஸ்டாண்டு எதிரில் இருந்த பூத்திலிருந்து பெங்களூருக்குப் போன் போட்டு, வருகிறேன் என்று சொன்னேன். பூத்துக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தித்தான் சொன்னேன். லைன் தெளிவாகத்தான் இருந்தது.